கரையோர வீடும் தக்தீரும்



2016-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்துப் போனதையும், அடுத்த ஆண்டு நம் சேலம், நாமக்கல் சீமை குடிநீருக்குத் தவித்ததையும் மறந்திருக்க மாட்டோம். 2018-லோ மேட்டூர் அணை 120 அடியும் நிரம்பி, திறந்துவிட்ட நீர் குமாரபாளையம், பள்ளிபாளையம் கரையோர வீடுகளுக்குள் புகுந்தது. 2022-லும் 2024-லும் அதே நிலைதான். பூமி சூடேறுவதால் காய்ச்சலும் பெருவெள்ளமும் இனி அடிக்கடி வரும் என்கிறார்கள் விஞ்ஞானிகள்.

அணை நீர் வருமுன் எச்சரிக்கை வருகிறது; ஒலிபெருக்கி வைத்துச் சொல்கிறார்கள். அப்படியிருந்தும், “தக்தீரில் உள்ளது நடக்கும், எங்கே போவது?” என்று இருந்துவிடுவோர் உண்டு. ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் ஷாம் நாட்டுக்குப் புறப்பட்டு ‘ஸர்கு’ என்னுமிடத்தை அடைந்தபோது, அங்கே கொள்ளைநோய் பரவிய செய்தி கிடைத்தது. ஆலோசனை கேட்டுத் திரும்ப முடிவு செய்தார்கள். “அல்லாஹ்வின் விதியிலிருந்தா ஓடுகிறீர்கள்?” என்று அபூஉபைதா (ரலி) அவர்கள் வினவ, திரும்பிச் செல்வதும் அவனது விதியே என்னும் பொருள்பட விடையளித்தார்கள். வெள்ளத்துக்கு முன் வீட்டைப் பூட்டிப் புறப்படுவது ஈமான் குறைவன்று.

ஆனால் தக்தீர் என்று சொல்பவர் எல்லோரும் தக்தீரை நினைத்தா சொல்கிறார்? தறியையும் பாவையும் விட்டுவர மனமில்லை. அரசாங்கம் பள்ளிக்கூடத்திலும் கல்யாண மண்டபத்திலும் இடம் தருகிறது. வயதுப் பெண்ணை வைத்திருக்கும் தாய் அங்கே இரவு தங்கக் கூசுகிறாள். இதை வெளியே சொல்ல முடியாமல்தான் பலர் தண்ணீர் வாசலைத் தொடும்வரை இருக்கிறார்கள். மேட்டில் இருக்கும் மதரஸாக் கூடத்தில் பெண்களுக்கென்று ஒரு பக்கம் மறைத்துக் கொடுப்பது ஜமாஅத்தாருக்குப் பெரிய காரியமா?

“அவர் நம் மஹல்லாவா? சந்தா கட்டுகிறவரா?” என்ற கேள்வியும் எழும். ஹிஜ்ரி 18-இல் பஞ்சம் வந்தபோது, பாலைவனத்திலிருந்து மதீனாவுக்குத் திரண்டு வந்தவர்களுக்கு உமர் (ரலி) அவர்கள் உணவளித்தார்கள். ஜனங்களின் பஞ்சம் தீரும்வரை தாமும் நெய்யைத் தொடவில்லை. வெளியிடங்களிலிருந்து தானியம் வரவழைத்தார்கள். மழை பெய்ததும் வந்தவர்களை ஊருக்கு அனுப்பிவைத்தார்கள். தறிவேலைக்காக வெளியூரிலிருந்து வந்து வாடகைக்கு இருப்பவரும் இதில் சேர்ந்தவரே.

ஜகாத்தை முஸ்லிம் ஏழைகளுக்கே கொடுக்க வேண்டும். ஆனால் ஸதகாவில் அந்தக் கட்டுப்பாடு இல்லை; பக்கத்து வீட்டு ஹிந்து சகோதரருக்கும் அதிலிருந்து கஞ்சி காய்ச்சலாம், பாய் வாங்கலாம்.

ஆனி மாதத்திலேயே கரையோர வீடுகளைக் கணக்கெடுத்து, முதியோரும் நோயாளிகளும் எங்கே இருக்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். மதரஸாவின் சாவி இரவில் யாரிடம் இருக்கும் என்பதையும் அந்த வீடுகளுக்கு இப்போதே சொல்லி வையுங்கள்.