கைடுகளே, காரணம் கேட்காதீர்கள்

ஆய்வு மாணவிகளை வழிநடத்தும் பேராசிரியர்களே, முப்பதைத் தாண்டிய ஒரு மாணவி மாதத்தில் சில நாள் பத்து மணிக்குமேல் வந்தால் வருகைப் பதிவேட்டை நீட்டி அவரை நிற்கவைக்காதீர்கள். விடியலிலேயே போய் ஸ்கேனுக்குக் காத்துக் கிடந்துவிட்டு வந்திருக்கலாம். ஐ.வி.எஃப். கருத்தரிப்புச் சிகிச்சை என்றால் பத்துப் பன்னிரண்டு நாள் ஊசி, நடுநடுவே ஸ்கேன், ரத்தப் பரிசோதனை. கடைசி ஊசி போட்டுச் சுமார் 36 மணி நேரத்தில் சினைமுட்டையை எடுத்தாக வேண்டும். அந்த நேரம் தவறினால் பட்ட பாடெல்லாம் வீண். செமினாரைத் திங்கட்கிழமைக்குத் தள்ளலாம், இதைத் தள்ள முடியாது.

யு.ஜி.சி.யின் 2022ஆம் ஆண்டு விதிகள் ஆய்வு மாணவிக்கு 240 நாள் வரை மகப்பேறு அல்லது குழந்தை வளர்ப்பு விடுப்பும், ஆய்வை முடிக்கக் கூடுதலாக இரண்டு ஆண்டும் தருகின்றன. நல்ல விதிதான். ஆனால் பிள்ளை வேண்டி மருத்துவமனைக்கு அலைகிறவருக்கு அதில் ஒரு வரிகூட இல்லை. அவருக்கு இருப்பதெல்லாம் கைடின் மனசு ஒன்றே. "எங்க காலத்துல நாங்க சமாளிக்கலையா?" என்று கேட்பவர் சில சமயம் பெண் பேராசிரியராகவே இருக்கிறார், அதுதான் கூடுதல் வருத்தம்.

பணத்தையும் யோசியுங்கள். ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய். அதுவும் எல்லோருக்கும் இல்லை. தனியார் மையத்தில் ஒருமுறை ஐ.வி.எஃப். செய்துகொள்ளவே லட்சத்துக்கு மேல் ஆகும். உதவித்தொகையை மாதக்கணக்கில் இழுத்தடிக்கும் அலுவலகங்கள் இதை நினைவில் வைக்கட்டும். எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் கருத்தரிப்பு மையம் இருப்பதைத் தெரியாத மாணவிக்குச் சொல்லுங்கள்.

வீட்டாருக்கும் ஒரு வார்த்தை. "படிச்சுப் படிச்சே வயசு போச்சு" என்று மருமகளைக் குத்தாதீர்கள். குழந்தையில்லாத தம்பதியரில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் கணவர் பக்கமும் குறை இருக்கிறது. விந்துப் பரிசோதனைக்கு ஊசியும் இல்லை, மயக்க மருந்தும் இல்லை, செலவும் குறைவு. அதை முதலில் முடித்துவிட்டு அப்புறம் அவளை மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். கணவர்கள் இதற்குக் கூச்சப்படுவதில் எத்தனை பெண்களின் ஆண்டுகள் வீணாகின்றன!

தங்கைகளே, உங்களிடமும் ஒளிக்காமல் சொல்கிறேன். 35 வயதுக்குப் பிறகு கருத்தரிக்கும் வாய்ப்பு வேகமாகக் குறைகிறது. அந்த வயதைக் கடந்தவர்கள் ஆறு மாதம் முயன்றும் பலனில்லை என்றால் உடனே மருத்துவரைப் பாருங்கள், இளையவர்களுக்கு ஓராண்டு. தீசிஸை முடித்துவிட்டுப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளாதீர்கள். ஏ.எம்.ஹெச். பரிசோதனை முட்டைகளின் இருப்பை மட்டுமே ஓரளவு காட்டும். எண் குறைந்திருக்கிறது என்று யாராவது பயமுறுத்தினால் இன்னொரு மருத்துவரிடமும் கேளுங்கள்.

துணைவேந்தர்களே, அடுத்த சேர்க்கை அறிவிப்பு வருவதற்குள் உங்கள் பல்கலைக்கழக ஒழுங்குமுறையில் கருத்தரிப்புச் சிகிச்சைக்கான விடுப்பைச் சேருங்கள். மருத்துவச் சான்றிதழ் போதும். என்ன சிகிச்சை என்று துறைத்தலைவர் கேட்கக் கூடாது என்பதையும் அதிலேயே எழுதிவையுங்கள்.