ஓர் ஏடு, இரண்டு பேர்

களுவாஞ்சிக்குடிப் பக்கத்துக் கோயில்களில் புராணம் படிக்கும்போது ஒருவர் பாட்டை வாசிப்பார், மற்றவர் பயன் சொல்வார். யூதர்கள் தங்கள் சமய நூலான தல்மூதைப் படிப்பதும் இருவர் இருவராகத்தான். அந்த முறைக்கு ‘ஹவ்ரூத்தா’ என்று பெயர். தோழமை என்பதே அதன் பொருள். அங்கே இரண்டாமவர் விளக்கத்தோடு நிற்கமாட்டார். மறுத்துக் கேட்பார், குரலும் உயரும். நட்பு வளர்வது அந்தச் சத்தத்தில்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

1923இல் வியன்னாவில் கூடிய மாநாட்டில் மெயிர் ஷபிரோ என்ற யூத குரு, உலகெங்கும் உள்ள யூதர் எல்லாரும் தல்மூதில் நாளுக்கு ஒரே ஏட்டைப் படிப்போம் என்றார். மொத்தம் 2,711 ஏடுகள். முடிக்க ஏறக்குறைய ஏழரை வருடம். புது ஊருக்குப் போனவரும் அன்றைய ஏட்டை விரித்திருக்கும் சிறு வட்டத்தைத் தேடிப்போய், நேற்று விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.