அப்பாவுக்கு ஒதுக்கும் அறை

மூன்று படுக்கையறை வீடு பார்க்கப் போகும் குடும்பம், ஹாலைத் தாண்டுவதற்குள் கணக்கைப் போட்டு முடித்துவிடுகிறது. குளியலறை சேர்ந்த பெரிய அறை, சம்பாதிக்கிற தம்பதிக்கு. வெளிச்சம் நன்றாக வருகிற அறை, படிக்கிற பிள்ளைகளுக்கு. மிஞ்சுவது ஹாலை ஒட்டிய சின்ன அறை. "அப்பா அம்மாவுக்கு இது தாராளம்" என்று யாராவது சொல்வார்கள். பல வீடுகளில் அந்த அப்பாவே முந்திக்கொண்டு சொல்லிவிடுவார்: "எங்களுக்கென்னப்பா, ஒரு கட்டில் போட இடம் இருந்தாப் போதும்." அதோடு பேச்சு சமையல் மேடைக்கும் கார் நிறுத்தும் இடத்துக்கும் போய்விடும்.

இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. பெற்றோரைக் கூடவே வைத்துக்கொள்ள வேண்டும் என்பதற்காகத்தான் அந்த மூன்றாவது அறைக்குப் பல லட்சம் கூடுதலாகக் கடன் வாங்குகிறார்கள். அந்த அன்பு உண்மையானது. அறைகளைப் பங்கு போடும்போதுதான் அது எங்கோ நழுவிவிடுகிறது.

அந்தச் சின்ன அறையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். பத்தடிக்குப் பத்தடி. கட்டில், இரும்பு பீரோ, மருந்து வைக்க ஒரு ஸ்டூல், ஊரிலிருந்து கொண்டுவந்த டிரங்குப் பெட்டி எல்லாம் வந்தபின் கட்டிலைச் சுவரோடு ஒட்டித்தான் போட முடியும். சுவரோரம் படுப்பவர் இறங்க வேண்டுமானால் மற்றவர் எழுந்து வழிவிட வேண்டும். ஜன்னலைத் திறந்தால், பல அடுக்ககங்களில், கழிவுநீர்க் குழாய்கள் இறங்கும் இடுக்கு. எழுபது வயதுக்கு மேல் இரவில் இரண்டு மூன்று முறை எழுந்திருப்பது சாதாரணம். பொதுக் குளியலறையோ ஹாலின் அந்தக் கோடியில். இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டு போனால், தண்ணீர் வெளியே வராமலிருக்கக் கட்டிய இரண்டு அங்குல மேடு வாசலில் இருக்கும். கால் அங்கேதான் தட்டும். கதவு இரண்டரை அடி. மாற்றுத்திறனாளிகளுக்கான கட்டட நெறிமுறைகள் வாசலுக்கு 900 மி.மீ. அகலம் கேட்கின்றன, அதாவது மூன்றடி. சக்கர நாற்காலி சிராய்க்காமல் நுழைய அந்த அரையடி வேண்டும்.

இன்னொன்று. நம் குளியலறைக் கதவுகள் பெரும்பாலும் உள்பக்கமாகத் திறப்பவை. உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால் அவர் உடம்பே கதவை அடைத்துக்கொள்ளும்; வெளியிலிருந்து தள்ளத் தள்ள அவருக்குத்தான் வலி. கதவை வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றுவது ஒரு தச்சருக்கு அரைநாள் வேலை. வெளியிலிருந்தும் திறக்கக்கூடிய தாழ்ப்பாள் கடையில் கிடைக்கிறது. வீடு கட்டும்போது இதை யாரும் கேட்பதில்லை.

குளியலறை சேர்ந்த அறை தாத்தா பாட்டிக்கு மட்டுமா தேவை? பிரசவத்துக்குத் தாய்வீடு வருகிற மகளை நினைத்துப் பாருங்கள். முதல் பிரசவம் பிறந்த வீட்டில் என்பது இன்னும் நம்மிடையே மாறாத வழக்கம். தையல் ஆறாத உடம்போடு, கைக்குழந்தையோடு, அண்ணனும் அவன் நண்பர்களும் உட்கார்ந்திருக்கும் ஹாலை அவள் நாளைக்குப் பத்துமுறை கடக்க வேண்டுமா? அறுவை சிகிச்சை முடிந்து திரும்பும் அத்தைக்கும், கால் முறிந்த பேரனுக்கும் இதே கதைதான். ஒரு குடும்பம் வளர்கிறது என்றால் தலைகள் கூடுகின்றன என்பது மட்டும் அல்ல, எந்த நேரத்திலும் வீட்டில் ஏதோ ஓர் உடம்பு துணை தேடும் நிலையில் இருக்கிறது என்றும் பொருள்.

அடுத்தது அடுப்படி. கூட்டுக் குடும்பங்கள் முறிந்த கதைகளைக் கேட்டால், பெரும்பாலும் சொத்தில் தொடங்கியிருக்காது. காப்பிப் பொடி டப்பாவை யார் எங்கே வைப்பது என்பதில் தொடங்கியிருக்கும். இதைச் செட்டிநாட்டு நகரத்தார் வெகு காலத்துக்கு முன்பே புரிந்துவைத்திருந்தார்கள். நடுவே வளவு என்கிற முற்றம், அதன் இருபுறமும் அறைகள், மணமான மகன் ஒவ்வொருவனுக்கும் ஓர் அறை. கல்யாணமான கொஞ்ச காலத்தில் தம்பதியை 'வேறு வைத்து'விடுவார்கள். அரிசி, பருப்பு, பாத்திரம், செலவுக்குப் பணம் எல்லாம் கொடுத்து, அதே கூரையின் கீழ் தனி அடுப்பு. மணமான ஒவ்வொரு தம்பதியும் தனிப் 'புள்ளி', அதாவது தனிக் குடும்பக் கணக்கு. விசேஷம் என்றால் எல்லோருக்கும் ஒரே பந்தி. மற்ற நாட்களில் அவரவர் உலை. சேர்ந்திருக்கும் மூன்று நான்கு தம்பதிகள் ஒரே குழம்பைத்தான் சாப்பிட வேண்டும் என்று அவர்கள் பிடிவாதம் பிடிக்கவில்லை. அந்த வீடுகள் பிரம்மாண்டமானவை, நம்மால் கட்ட முடியாது. ஆனால் ஒரு சின்ன மேடை, தனிக் குழாய், இன்னோர் அடுப்பு வைக்க முடியும். ஒரே மாடியில் எதிரெதிரே இரண்டு சின்ன வீடுகள் வாங்குகிறவர்களும், தரைத்தளத்தில் பெற்றோர், மேலே மகன் என்று கட்டிக்கொள்கிறவர்களும் அந்தப் பழைய யோசனையைத்தான் பின்பற்றுகிறார்கள். நல்ல யோசனை அது.

சிங்கப்பூரில் பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து வாழ்வதற்கென்றே அரசு வீடு கட்டுகிறது. வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 2013இல் மூன்று தலைமுறைக் குடும்பங்களுக்கான அடுக்குமாடி வீடுகளை அறிமுகப்படுத்தியது: ஏறக்குறைய 115 சதுர மீட்டர், நான்கு படுக்கையறைகள், அவற்றில் இரண்டுக்குச் சேர்ந்த குளியலறை. பெற்றோருக்கும் மகன் குடும்பத்துக்கும் ஒரே தரம் என்பது வரைபடத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. பெரிய மாநிலங்களில், 60 வயதைக் கடந்தவர்களின் விகிதத்தில் கேரளத்துக்கு அடுத்து நிற்கிற தமிழ்நாட்டில், கட்டுநர்கள் இதையும் ஒரு முன்மாதிரியாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

பழைய வீடுகளில் பெரியவர்களுக்குத் திண்ணை இருந்தது. வீட்டுக்கு உள்ளும் இல்லை, தெருவிலும் இல்லை; போகிறவர் வருகிறவர் ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போவார்கள். சென்னை அடுக்ககங்களில் சாயங்காலம் ஐந்து மணிக்கு இறங்கிப் பாருங்கள். கார்கள் நிற்கும் தரைத்தளத்தில், காவலாளி பக்கத்தில், பிளாஸ்டிக் நாற்காலி போட்டு இரண்டு மூன்று பெரியவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். மனிதர்கள் தங்களுக்கு வேண்டிய திண்ணையை எப்படியாவது உண்டாக்கிக்கொள்கிறார்கள். நண்பர் ஒருவர் புறநகரில் நீச்சல் குளம் உள்ள வளாகத்தில் வீடு பார்த்துவிட்டு, கடைசியாக அம்மாவை அழைத்துப் போனார். அந்த அம்மா ஜன்னலோரம் நின்று வெளியே பார்த்துவிட்டுக் கேட்டாராம்: "ஏண்டா, இங்கே பூக்காரி வருவாளா?" அவர் கேட்டது பூவை மட்டும் அல்ல. பகலெல்லாம் எல்லோரும் வேலைக்கும் பள்ளிக்கும் போனபின் தன்னோடு பேச யார் இருப்பார்கள் என்பதைக் கேட்டார். வீட்டில் மிகுந்த நேரம் இருக்கப்போகிறவர் அவர். அவர் கேள்விதான் முதலில் வந்திருக்க வேண்டும்.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஊர் வீட்டை விற்று அந்தப் பணத்தைப் புது வீட்டில் போடுகிற பெற்றோர் ஏராளம். பத்திரத்தில் அவர்கள் பெயர் இருப்பது அரிது. பராமரிப்பார்கள் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்த சொத்தை, அது மீறப்பட்டால் ரத்து செய்ய 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு வழி செய்கிறது. ஊர் வீட்டை விற்ற பணத்துக்கு அது அவ்வளவு எளிதாகப் பொருந்தாது. எனவே பத்திரம் எழுதும்போதே அவர்கள் பெயரையும் சேர்த்துவிடுவது நல்லது. கூடத்தில் உட்காரும் உரிமையும் கையெழுத்தோடு வரட்டும்.

இப்போது கடனுக்கு வருவோம். 40 வயதில் 20 வருடத் தவணைக்குக் கடன் வாங்குகிறவர் கடைசித் தவணை கட்டும்போது 60ஐத் தொட்டிருப்பார். இன்று பத்து வயதுப் பையன் அன்று முப்பது. அவனுக்குக் கல்யாணம் ஆகியிருக்கலாம், மருமகள் வந்திருக்கலாம். புது மணமக்களுக்கு எந்த அறையைக் கொடுப்பார்கள்? குளியலறை சேர்ந்த பெரிய அறையைத்தான். நாமே மனமுவந்து கொடுப்போம். பிறகு நாம் எங்கே படுப்போம்? ஹாலை ஒட்டிய சின்ன அறையில். அப்பாவுக்கென்று நாம் ஒதுக்கிய அறை, உண்மையில் நாம் நமக்காக வாங்கிய அறை. குடும்ப வீட்டில் யாருக்கும் நிலையான அறை கிடையாது. வயது எல்லோரையும் ஒவ்வோர் அறையாக நகர்த்திக்கொண்டே போகிறது. முதியவருக்கு எந்த இடம் என்பதை இருபது வருடம் தினமும் பார்த்து வளர்கிற பிள்ளை, அதை யாரும் சொல்லித்தராமலேயே கற்றுக்கொள்கிறான்.

வீடு பார்க்கிறவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இவ்வளவுதான். குளியலறை சேர்ந்த அறை ஒன்றை முதலில் பெரியவர்களுக்கு ஒதுக்குங்கள். மிச்சத்தை மற்றவர்கள் பங்கு போட்டுக்கொள்ளுங்கள். அப்படி ஒதுக்கினால் இடம் பற்றாது என்றால் அந்த வீடு உங்கள் குடும்பத்துக்குப் பொருந்தாது. முன்பணம் கொடுக்காமல் வேறு வீடு பாருங்கள்.