வாங்குபவரின் பொறுப்பு

கணினிக் கம்பெனியொன்றுக்காக உதிரிபாகங்களைக் கொள்முதல் செய்யும் அதிகாரி, காங்கோ தேசத்தின் கிழக்குப் பிரதேசத்தில் ஆயுதக் குழுவின் ஆணைக்கு அஞ்சிக் கோல்டான் தாதுவைத் தோண்டும் மனிதனை ஒருநாளும் காணப்போவதில்லை. ஆயினும் அத்தாதுவிலிருந்து பிரித்தெடுத்த டாண்டலம், கெப்பாசிட்டராக உருமாறி அவர் கையொப்பமிடும் ஒப்பந்தத்துக்குள் வந்து சேருமானால், அங்கு நிகழ்ந்த ஹிம்சையில் அவருக்குப் பங்குண்டா என்ற கேள்வியைத் தர்ம விசாரம் செய்வோர் தட்டிக்கழிக்க இயலாது.

இதே கேள்வி மாமிசத்தைக் குறித்துப் பழைய நூல்களிலும் எழுகிறது. தனக்கெனக் கொல்லப்பட்டதாகக் காணாமலும் கேளாமலும் ஐயுறாமலும் இருந்தால் பிக்ஷு மாமிசத்தை ஏற்கலாம் என்பது பௌத்த விநய நியமம். வள்ளுவரோ, புலால் மறுத்தல் அதிகாரத்தில், வாங்குவோர் இருப்பதனாலேயே விற்போரும் இருக்கின்றனர் என்று பொறுப்பை வாங்குபவரின் வாசலுக்கே கொண்டுவந்துவிடுகிறார். விநயம் கூறும் ஐயுறாமை என்ற மூன்றாவது நிபந்தனைதான் என் சிந்தையை மிகவும் ஆட்கொள்கிறது; ஏனெனில் விசாரிக்கும் சக்தியும் சாதனமும் உள்ளவர் விசாரியாமல் இருந்துவிட்டு, எனக்குச் சந்தேகமே எழவில்லை என்று சொல்வதை நிரபராதத்தின் சாட்சியமாக நான் ஏற்கமாட்டேன்.

அமெரிக்காவில் 2010-இல் இயற்றப்பட்ட டாட்-ஃபிராங்க் சட்டத்தின் 1502-ஆம் பிரிவு, வெள்ளீயம், டாண்டலம், டங்ஸ்டன், தங்கம் ஆகியவற்றின் பூர்வோத்தரத்தை விசாரித்து அறிக்கை தரும் கடமையைக் கம்பெனிகள்மீது சுமத்திற்று. பல சுரங்கங்களின் தாதுக்கள் கலந்து அடையாளம் இழப்பது உருக்காலையில் என்பதால், தணிக்கையும் பெரும்பாலும் அங்கேயே நடக்கிறது.

ஆனால் வம்பு வேண்டாமென்று கிழக்குக் காங்கோவையே ஒதுக்கிய கம்பெனிகளால், யாருக்கும் தீங்கு நினையாமல் தோண்டிப் பிழைத்த ஏழைகளும் ஜீவனோபாயம் இழந்தனர். தம் கையைச் சுத்தமாக வைத்துக்கொள்வதற்காகச் சப்ளையரை உதறுவதைவிட, அவரோடு நீடித்து நின்று, சுரங்கம்வரை விசாரித்துச் சீர்ப்படுத்தும் அதிகாரியே தர்மத்துக்கு அணுக்கமானவர் என்று நான் கருதுகிறேன்.