சான்று கேட்கும் கடன்

திருநீறு பிணி தீர்க்கும் என்பாரிடம் சான்று கேட்கின்றோம். இராகுகாலத்திற்கு அஞ்சுவோரிடமும் கேட்கின்றோம். கேட்பது நமது கடனே. ஆயின் அதே வினாவை விஞ்ஞானியை நோக்கி விடுக்க நம்மிற் பலர் கூசுவதேன்?

சரக் கோட்பாட்டைப் படிக்கையில் இவ்வையம் எழுந்தது. பொருள்கட்கெல்லாம் அடிப்படை அதிரும் நுண்ணிய சரங்களே என்பது அக்கோட்பாடு. திறந்த சரங்களின் முனைகள் பற்றி நிற்கும் பரப்பிற்குப் பிரேன் என்று பெயர். பிரேன்களுள் நிலையானவையும் உள, நிலையாதனவும் உள. நிலையாதது மலையுச்சியில் வைத்த உருண்டைக் கல்லை ஒக்கும். சிறிது அசையினும் உருளும். இந்நிலையாமைக்கு அறிகுறியே டாக்கியான். உருண்டு பள்ளத்தை அடைந்தபின் எஞ்சுவது யாது? அந்நாளில் அலகாபாத் எனப்பட்ட நகரிற் பணியாற்றிய அசோக் சென் 1999-ஆம் ஆண்டில் துணிந்து விடை கூறினார். பிரேன் முற்றும் ஒழியும். உச்சிக்கும் பள்ளத்திற்கும் உள்ள ஆற்றல் வேறுபாடு அப்பிரேனின் ஆற்றலுக்கு இம்மியும் பிசகாது சமமாகும் என்றார். பற்றுதற்கு இடமின்றித் திறந்த சரங்களும் ஒழியும். ஆற்றலோ மூடிய சரங்களாய்ப் பரவும்.

எண்ணளவில் சமம் என்று கூறிவிட்டமையால், தாம் பிழைபடுதற்கும் அவர் இடம் வைத்தார். நூற்றுக்கு 100 வரவேண்டும். முதற்படித் தோராயக் கணக்கில் 68 அளவே வந்தது. அடுத்த படியில் 95-ஐ எட்டியது; பின் 99-ஐ நெருங்கியது. அப்பால் நிகழ்ந்ததுதான் சுவையானது. 2002-இல் கயோட்டோவும் ரஸ்டெல்லியும் மேலும் நுணுக்கிக் கணிக்க, எண் 100-ஐச் சிறிது கடந்துவிட்டது! புரோகிதர் ஆயின் ஒரு பரிகாரம் சொல்லியிருப்பார். அவ்விருவரோ அதனை மறையாது வெளியிட்டு, மேற்படிகளில் எண் மீண்டும் திரும்பி 100-ஐயே நாடும் என்று காரணங்காட்டி உரைத்தனர். 2005-இல் மார்ட்டின் ஷ்னாபல் என்பார் தோராயத்தை விடுத்துச் சமன்பாட்டையே தீர்த்துக் காட்டினார். சமம் உறுதியாயிற்று.

இங்கே நாம் துள்ளிக் குதிக்கலாகாது. உறுதியானது கணக்கே அன்றி உலகம் அன்று. அக்கணக்கு நடந்த கோட்பாடு 26 பரிமாணங்களை உடையது. எலெக்ட்ரான் போன்ற துகளுக்கு அதில் இடமே இல்லை. அதுவே நம் உலகம் என்று அதனை ஆள்வோரும் கூறார். எந்த ஆய்வுக்கூடமும் இதுவரை ஒரு சரத்தையும் கண்டதில்லை. உள்முரண் இன்மை ஒன்றே உண்மைக்குப் போதுமெனின், நுணுக்கமாய்க் கோத்த மதவாதங்கள் பலவற்றிற்கும் நாம் தலைவணங்க நேரும். ‘இஃது எம் வேதத்தில் அன்றே உளது’ என்று ஓடிவருவோருக்கும் வாயில் திறந்ததாகும்.

‘அங்ஙனமாயின் எம்முகத்தோடு புரோகிதரைக் கேட்பீர்?’ என்று நண்பர் ஒருவர் மடக்கினார். பிரேனுக்காக எவரும் நோன்பிருப்பதில்லை; அதனை நம்பாதவர் வீட்டிற் பெண் கொள்ள மறுப்பாரும் இல்லை என்றோம். அவர் விடவில்லை. ‘அது தீங்கின்மைக்கு விடை, உண்மைக்கு விடை அன்று’ என்றார். அவர் சொன்னது சரியே. கோட்பாடு மெய்யோ எனில், அறியோம் என்பதே நம் விடை என்று ஒப்புக்கொண்டோம்.

‘பின் அதனை ஏன் படிக்கின்றீர்?’ என்றார். 68 எவ்வாறு 99 ஆயிற்று, 100-ஐக் கடந்தபோது அவர்கள் யாது செய்தனர் என்பதை அவருக்கு மீண்டும் முதலிலிருந்து சொல்லத் தொடங்கினோம்.