விளக்கில் சிக்கும் உயிர்

சூரியன் மறைந்தபின் விளக்கேற்றி உண்டால் பூச்சிகள் வந்து மாயும் என்பதை, இரவுண்ணாமைக்குரிய காரணங்களுள் ஒன்றாக நம் பெரியோர் கற்பித்தனர். இன்று நம் இல்லத்துப் பிள்ளைகள் சிலர் மொட்டைமாடியில் வெள்ளைத் துணி கட்டி, புறஊதா விளக்கை எரியவிட்டு, அந்துப்பூச்சிகளை வரவழைத்துப் படம் பிடிக்கின்றனர், பெயரும் கண்டறிகின்றனர். கொல்வதில்லை, தொடுவதுமில்லை. ஆயினும் இஃது இம்சையாகுமா?

அந்து நாலறிவுயிர், செவியறிவு இல்லாதது என்பது நம் ஆகமக் கணக்கு. (வௌவாலின் ஒலியைக் கேட்டுத் தப்பும் அந்துகள் பல உண்டு என அறிவியல் கூறுவது தனியே ஆராயத்தக்கது.) விட்டில் விளக்கை விரும்பி விழுவதாக, ஆசைக்கு அதனை உவமை கூறி வந்தோம். 2024இல் வெளியான ஓர் ஆய்வு வேறு காரணம் காட்டுகிறது. பறக்கும் பூச்சி, ஒளியுள்ள பக்கத்தையே வானம் எனக் கொண்டு முதுகை அப்பக்கம் திருப்புகிறது. அருகில் விளக்கு இருப்பின், திரும்பித் திரும்பிச் சுற்றி, விலக இயலாது சிக்குகிறது. எனில் பற்று அதனிடம் இல்லை, பொறி நம்முடையது.

மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் வாழும் அட்லாஸ் அந்துக்கு, வளர்ந்தபின் உண்ணும் ஆற்றலே இல்லை. புழுப்பருவத்தில் சேமித்த கொழுப்பைக் கொண்டு ஒரு வாரம், மிஞ்சினால் இரண்டு வாரம் வாழ்கிறது. அதற்குள் இணை சேர்ந்து முட்டையிட வேண்டும். அத்தகைய உயிரின் ஓர் இரவை நம் துணியில் கழியச் செய்வது சிறிய செயலன்று. விடியலில் கரிச்சான் அத்துணியைத் தேடி வருவது வேறு.

தத்துவார்த்த சூத்திரம் இம்சையின் இலக்கணத்தில் பிரமாதத்தை, அதாவது விழிப்பின்மையை, முதலில் வைக்கிறது. அறிந்த பின்னும் இரவெல்லாம் விளக்கை எரியவிடுவோர், விழிப்புடன் நடந்தோம் எனல் இயலாது. ஆனால் பெயரறிந்த பூச்சியை எந்தப் பிள்ளையும் துடைப்பத்தால் அடிப்பதில்லை; இதனை நாம் கண்டிருக்கிறோம். ஆதலின் முற்றிலும் தடுக்க நமக்கு மனம் வரவில்லை. எப்படியும் எரியும் தெருவிளக்கின் கீழ் நின்று பார்க்கட்டும். தனி விளக்கு வைப்பின் அரைமணி நேரத்தில் அணைத்து, துணியிலுள்ளவற்றைப் புதர் நிழலில் மெல்ல விடட்டும். சில இனங்களைக் கொன்று, உள்ளுறுப்புகளை அறுத்துப் பார்த்தாலன்றி வேறுபடுத்த இயலாது. அங்கே பேரினத்தின் பெயரோடு நிற்பதே சாவகர்க்கு அழகு. பட்டியலில் ஓரிடம் வெறுமையாக இருப்பதால் குறைவில்லை.

பிள்ளைகளைக் கண்டிக்க முன்வருவோர், தாம் உடுத்திய பட்டு, கூட்டிற்குள் கொதிநீரில் மாண்ட அந்துகளின் நூல் என்பதையும் எண்ண வேண்டும். ஆலயத் திருவிழாக்களில் விடியும்வரை எரியும் சரவிளக்குகளை எத்தனை மணிக்கு அணைப்பது என்பதை நம் ஊர்ச் சபைகள் இவ்வாண்டே பேசித் தீர்மானிக்கலாம்.