எலும்புக்குள் ஒரு தெய்வம்

முதலாண்டு மருத்துவ மாணவியின் கையில் முக்கோண எலும்பு ஒன்று. முதுகுத்தண்டின் அடியில் ஐந்து முள்ளெலும்புகள் ஒட்டி ஒன்றானது. பெயர் சேக்ரம், லத்தீனில் ‘புனிதமானது’ என்று பொருள். ஏன் புனிதம் என்பதில் அறிஞர்களுக்கே ஒத்த கருத்து இல்லை. அவளுக்கோ நாளை வைவா. நான்கு ஜோடித் துளைகளை விரலால் தடவி எண்ணிக்கொண்டிருக்கிறாள்.

அதே தண்டின் உச்சியில் வானம் சுமந்த அட்லஸ். கண்ணில் வானவில் தேவதை ஐரிஸ். வலி தீர்க்கும் மார்ஃபினில் கனவுகளின் தேவன் மார்ஃபியஸ். நாத்திகரும் இந்த நாமாவளியை ஒப்பித்துத்தான் தேற வேண்டும்.

பெயரில் தெய்வம் இருந்தால் பொருளிலும் இருக்கிறதா?

கேள்வி பழசு. வலிப்பைக் கிரேக்கர்கள் ‘புனித நோய்’ என்றார்கள். ஹிப்போகிரட்டீஸ் பெயரில் வழங்கும் நூலொன்று அதை மறுக்கிறது: மற்ற நோய்களைவிட இதில் கூடுதல் தெய்வீகம் ஏதுமில்லை, காரணம் மூளையில் இருக்கிறது என்பது அதன் வாதம். வாதம் வென்றது, ஆனால் பழைய பெயர்கள் பல இடங்களில் அப்படியே தங்கிவிட்டன.

தமிழிலும் அப்படித்தான். பெரியம்மை ஒழிந்ததாக உலக சுகாதார நிறுவனம் 1980-இல் அறிவித்தது. சின்னம்மை இன்னும் வருகிறது. டாக்டர் சீட்டில் ‘வேரிசெல்லா’ என்று எழுதுகிறார். வீட்டில் வாசலில் வேப்பிலை செருகி, “அம்மா வந்திருக்கா” என்கிறார்கள். முதல் சொல் வைரஸைக் காட்டுகிறது. இரண்டாவது, படுத்திருப்பவரிடம் எரிந்துவிழக் கூடாது என்று வீட்டாருக்குச் சொல்கிறது.

இரண்டும் ஒரே நோயைப் பற்றியவைதான், ஆனால் ஒரே வேலையைச் செய்பவை அல்ல. பாடப்புத்தகத்தில் முதலாவது மட்டும் இருக்கிறது. இரண்டாவதை அந்த மாணவி நோயாளிகளிடம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.